மருத்துவ மாது வந்தாங்களா?

சகோதரிகளே, "நல்ல வைத்தியமெல்லாம் காசு இருக்கிறவங்களுக்குத்தான்" என்று அலுத்துக்கொள்ளாத வீடு நம்மில் எத்தனை இருக்கும்? இந்தப் பேச்சைப் பொய்யாக்கிய சின்னத் தீவு ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையைத்தான் சொல்கிறேன். பெரிய பணக்கார நாடு இல்லை. ஆனாலும் அங்கே ஒரு லட்சம் பிரசவத்தில் உயிரை இழக்கும் தாய்மார்கள் சுமார் 30 பேர்தான். 2018–20 கணக்கில் நம் தமிழ்நாட்டில் இது 54; இந்தியா முழுவதற்கும் 97. சுதந்திரத்துக்கு முன் அந்தத் தீவிலும் இந்தக் கணக்கு ஆயிரத்துக்கு மேல்தான் இருந்தது. எப்படிக் குறைந்தது என்று தெரிந்துகொண்டால் நமக்கும் உபயோகப்படும்.

எங்கள் பனமரத்துப்பட்டியில், எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியம்மா இருக்கிறார். 1964-ல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு தாயகம் திரும்பியவர். வரும்போது பாவாடை தாவணிப் பெண். கூடப்பிறந்த தங்கை இன்னும் ஹட்டன் பக்கம்தான். தங்கை மகள் முழுகாமல் இருந்தபோது, போனில் பெரியம்மா கேட்கும் முதல் கேள்வி, "மருத்துவ மாது வந்தாங்களா?" என்பதுதான்.

யார் இந்த மருத்துவ மாது? ஊர் ஊராகப் போய்த் தாய் சேய் நலம் பார்க்கும் அரசாங்க ஊழியர். மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் ஜனத்துக்கு ஒருவர் என்று வைத்திருக்கிறார்கள். புதுசாகக் கல்யாணமான வீடு எது, கர்ப்பிணி யார், கைக்குழந்தை எங்கே என்பதெல்லாம் அவர் நோட்டில் இருக்கும். நாம் தேடிப் போகும்வரை காத்திருக்காமல் அவரே வாசலுக்கு வருவார். பிரசவம் ஆனபிறகும் வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பார். இளைத்த குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் சோளமும் சோயாவும் சேர்த்த 'திரிபோஷா' மாவு கிடைக்கும். 1926-ல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கி, அதே மாதிரியைத் தீவு முழுக்கப் பரப்பினார்கள். பெண் குழந்தைகள் எழுதப் படிக்கக் கற்றதும், அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் வைத்தியம் கிடைத்ததும் கைகொடுத்தன. ஒரு தாய் இறந்துபோனால் எங்கே தவறியது என்று உட்கார்ந்து ஆராய்கிறார்கள். அடுத்த தாயைக் காப்பாற்றத்தான் அந்த விசாரணை.

"எங்க காலத்துல தோட்டத்துக்கு இவ்வளவு கவனிப்பு ஏது கண்ணு? லயத்துல ஒரே காம்பராவுல பத்துப் பேர். பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவுல விட்டுட்டுக் கொழுந்து பறிக்க மலை ஏறணும்" என்பார் பெரியம்மா. அது உண்மைதான். தோட்டங்கள் நெடுங்காலம் கம்பெனிகளின் கையில் இருந்ததால் அரசாங்கத்தின் சுகாதார சேவை அங்கே தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. ரத்தசோகையும் எடை குறைந்த குழந்தைகளும் தோட்டப்புறத்தில் இன்றும் அதிகம்.

மலேரியா கதையையும் கேளுங்கள். 1934–35-ல் வந்த கொள்ளை மலேரியாவில் அந்தத் தீவில் எண்பதாயிரம் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். பிறகு மருந்தடித்து, ரத்தம் சோதித்து, 1963-ல் வருஷத்துக்கு 17 நோயாளிகள் என்று கொண்டுவந்துவிட்டார்கள். "அப்பாடா" என்று கை ஓய்ந்த நேரம் பார்த்து நோய் திரும்பியது. சில வருஷங்களிலேயே ஐந்து லட்சம் பேருக்கு மேல் படுக்கையில்! மறுபடி பாடுபட்டு, உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளியை 2012-ல் கண்டார்கள். 2016-ல் உலக சுகாதார நிறுவனம், மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் தந்தது. நடுவில் உள்நாட்டு யுத்தமே நடந்தது என்பதை மறக்கக் கூடாது. கொசு விஷயத்தில் ஒருநாளும் மெத்தனம் ஆகாது என்பது இதிலுள்ள பாடம்.

2022-ல் அந்த நாட்டுக்கு வந்த கஷ்டம் பேப்பரில் படித்திருப்பீர்கள். கஜானா காலி, பெட்ரோலுக்கு க்யூ, ஆஸ்பத்திரியில் மருந்துத் தட்டுப்பாடு. சில ஆபரேஷன்களைத் தள்ளிப்போட வேண்டி வந்தது. நம் தமிழக அரசும் கப்பலில் அரிசி, பால் பவுடர், மருந்துகள் அனுப்பி உதவியது. இல்லாத காலத்தில் நோயை வருமுன் தடுப்பதுதான் மலிவான வைத்தியம் என்று அப்போது நன்றாகப் புரிந்தது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? போன மழைக்காலத்தில் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு மருமகளுக்கு எட்டாம் மாசம். கால் வீங்கி, ரெண்டு நாளாகத் தலைவலி. "மாசமா இருந்தா நீர் கோக்கறது சகஜம்தானுங்க. உப்பைக் குறைச்சாச் சரியாப் போயிடும்" என்றார் மாமியார். பெரியம்மா விடவில்லை. "காலு வீங்கட்டும் அம்மணி, மூஞ்சியும் வீங்கியிருக்கே! கண்ணு மங்கலாத் தெரியுதுங்கிறாளே! மொதல்ல பிரஷரைப் பாத்துட்டு வாங்க, அப்புறம் பேசுங்க" என்று கையோடு கிளப்பிவிட்டார். சுகாதார நிலையத்தில் பார்த்தால் 160-க்கு 110! உடனே 108-ஐ வரவழைத்து சேலத்துக்கு அனுப்பினார்கள். ரெண்டு நாளில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். ரெண்டு கிலோ நூறு கிராம். தாயும் பிள்ளையும் நலம். இன்னும் ஒரு நாள் வீட்டிலேயே இருந்திருந்தால் ஜன்னி கண்டு இருவர் உயிருக்குமே ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டரம்மா.

நம் ஊரிலும் மருத்துவ மாது இருக்கிறார், சகோதரிகளே. நாம் 'நர்சம்மா' என்று கூப்பிடும் கிராம சுகாதார செவிலியர்தான் அவர். வாசலுக்கு வந்தவரை "அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிடாமல், இவற்றை மனதில் வையுங்கள்:

1. நாள் தள்ளினால், கண் பட்டுவிடும் என்று மூன்று மாசம் மறைக்காதீர்கள். 12 வாரத்துக்குள் பதிந்து பிக்மி நம்பர் வாங்குங்கள். முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவிக்கும் அது வேண்டும்.

2. ஒவ்வொரு முறையும் பிரஷர், எடை, ரத்தம், சிறுநீர் நாலும் பார்த்தார்களா என்று கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பி, டீயோடு விழுங்கக் கூடாது. சத்து உடம்பில் ஒட்டாது.

3. முகம் கை வீக்கம், விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் — இதில் ஒன்று இருந்தாலும் பொழுது விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

4. குழந்தைக்கு வயிற்றுப்போக்கானால் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுசாக, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் கரைத்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மீந்ததை 24 மணி நேரத்துக்குப்பின் கொட்டிவிடுங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. துத்தநாக மாத்திரையையும் கேட்டு வாங்கி, சொன்னபடி 14 நாள் கொடுங்கள். குழந்தை சோர்ந்து கண் குழிந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ உடனே ஆஸ்பத்திரி.

5. வாரம் ஒருநாள் தொட்டி, குடம், பிரிட்ஜின் பின்தட்டு எல்லாவற்றையும் தேய்த்துக் கவிழ்த்து உலர்த்துங்கள். டெங்கு கொசு நம் வீட்டு நல்ல தண்ணீரில்தான் முட்டை இடுகிறது.

உங்கள் தெருவில் முழுகாமல் இருக்கும் பெண் யார்? இன்று சாயங்காலம் பூப்பறிக்கும்போதோ தண்ணீர் பிடிக்கும்போதோ அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: "நர்சம்மா வந்தாங்களா? பிரஷர் பாத்தாங்களா?"