கொஞ்சம் பார்த்துச் சொல்லு, தம்பி!

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் எப்போது வந்தது? க்விஸ் போட்டியில் கேட்டால் தயங்காமல் பஸ்ஸரை அமுக்கி, '1995 ஆகஸ்ட் 15' என்று சொல்லி, பிளாஸ்டிக் டிபன் பாக்ஸைப் பரிசாக வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். விதேஷ் சஞ்சார் நிகம், சுருக்கமாக வி.எஸ்.என்.எல்., அன்றுதான் பம்பாய், டெல்லி, கல்கத்தா, மெட்ராஸ் நான்கு ஊர்களிலும் கடை திறந்தது.

'உங்கள் தெருவுக்கு எப்போது வந்தது?' என்று கேட்டால்தான் சிக்கல். பாதிப் பேர் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கிய வருஷத்தைச் சொல்வார்கள். தப்பு. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு இன்டர்நெட் முதலில் கம்பி வழியாக வரவில்லை, ஓர் ஆள் வழியாக வந்தது. அந்த ஆளைப் பற்றித்தான் இந்த வாரம்.

1995-க்கு முன்னாலும் இங்கே நெட் இல்லாமல் இல்லை. 1986-லேயே 'எர்நெட்' என்ற பெயரில் ஐ.ஐ.டி.க்கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாய் என்.சி.எஸ்.டி. என்று படிப்பாளிகள் தங்களுக்குள் ஒரு வலை பின்ன ஆரம்பித்திருந்தார்கள். கிண்டி ஐ.ஐ.டி. காம்பவுண்டுக்குள் மானும் இ-மெயிலும் துள்ளிக்கொண்டிருந்தபோது, காம்பவுண்டுக்கு வெளியே நாம் பஸ் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டிருந்தோம்.

சரி, 95-ல் கடை திறந்தாயிற்று. உள்ளே போக என்ன வேண்டும்? ஒரு கம்ப்யூட்டர், ஒரு மோடம், ஒரு டெலிபோன். முதல் இரண்டையும் கடன் வாங்கியாவது வாங்கிவிடலாம். மூன்றாவது? 1994-ல் வெளியான தேசிய தொலைத்தொடர்புக் கொள்கையே சொன்ன கணக்கு இது: இந்தியாவில் 100 பேருக்கு 0.8 டெலிபோன். முழுசாக ஒன்றுகூட இல்லை சார்! வெயிட்டிங் லிஸ்டில் 25 லட்சம் பேர். பையன் பிறந்ததும் போனுக்கு எழுதிப் போட்டு, அவன் கல்யாணப் பத்திரிகையில்தான் நம்பரை அச்சடித்த குடும்பங்கள் உண்டு.

அதையும் தாண்டி வந்தால் கட்டணம். தனி ஆளுக்கு 5,000 ரூபாய், வியாபார நிறுவனத்துக்கு 25,000. அன்றைக்குப் பல ஆபீஸ்களில் ஒரு மாசச் சம்பளம் 5,000-ஐத் தொடாது. 'ஷெல்' கணக்கு என்று ஒன்று இருந்தது. அதில் படம் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வரும். சினிமாவுக்குப் போய் ஒலிச்சித்திரம் கேட்டுவிட்டு வருகிற மாதிரி.

வேகம்? விநாடிக்கு 9,600 பிட். இதை இன்றைய பாஷையில் சொன்னால்தான் உறைக்கும். காலையில் உங்கள் சித்தப்பா வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூவோடு ஒரு 'குட்மார்னிங்' அனுப்புகிறார் அல்லவா, அது 3 எம்.பி. என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் அது வந்து சேர முக்கால் மணி நேரத்தை நெருங்கும். முதலில் ஓர் இலை தெரியும். குளித்துவிட்டு வந்தால் காம்பு. டிபன் சாப்பிட்டு வந்தால் பாதிப் பூ. முழு ரோஜா மலர்வதற்குள் ஆபீஸில் மார்னிங் முடிந்திருக்கும். குட் எங்கேயிருந்து?

*

மோடம் போடுகிற சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். கேட்காத இளைஞர்களுக்கு: தகர டிரம்மில் இரண்டு பூனைகளைப் போட்டு உருட்டியதுபோல இருக்கும்.

அது வெறும் சத்தமில்லை, சம்பந்தி பேச்சு. டெலிபோன் கம்பி மனுஷக் குரலுக்காகப் போட்டது. கம்ப்யூட்டரின் எண்களை ஒலியாக மாற்றித்தான் அதில் அனுப்ப முடியும். மறுமுனையில் ஒலியைத் திரும்ப எண்ணாக்க வேண்டும். மோடத்தின் வேலை அதுதான். முதலில் இந்த முனை மோடம், "நாங்க 28,800 வரைக்கும் செய்வோம்" என்று கெத்தாக ஆரம்பிக்கும். அந்த முனை, "எங்களுக்கும் சம்மதம், ஆனா நடுவுல லைன்ல ஒரே இரைச்சலா இருக்கே" என்று இழுக்கும். இரண்டும் கம்பியின் தரத்தை அளந்து பார்த்து, "சரி, 14,400-ல முடிச்சுக்கலாம்" என்று தட்டை மாற்றிக்கொள்ளும். சத்தம் நிற்கும். கல்யாணம் நிச்சயம்.

நிச்சயமான கல்யாணம் நிற்பதும் உண்டு. பக்கத்து ரூமில் யாராவது பாரலல் போனை எடுத்தால் போதும்.

"டேய், போன்ல யாரோ பல்லை நறநறன்னு கடிக்கிறாங்கடா!"

"பாட்டி, வச்சிடு, வச்சிடு... போச்சு!"

மறுபடி டயல். மறுபடி பூனை. மறுபடி பில்.

மெட்ராஸ்காரருக்காவது அது லோக்கல் கால். ஆரம்ப நாளில் திருநெல்வேலிக்காரர் மெட்ராஸ் நம்பருக்கு எஸ்.டி.டி. போட்டுத்தான் நெட்டுக்குள் நுழைய வேண்டும். படிக்கிற வலைப்பக்கம் ஓசி. அதைப் படிக்க நிற்கிற வாசலுக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் வாடகை. எஸ்.டி.டி. கட்டணம் குறைகிற அகால வேளைக்காக அலாரம் வைத்து எழுந்து, வீட்டையே எழுப்பிய இளைஞர்கள் உண்டு.

*

இப்படி இருந்தால் சாதாரண மனுஷன் எப்படி உள்ளே வந்தான்?

அங்கேதான் நம் ஆள் வருகிறார். எஸ்.டி.டி. பூத்தின் பின்பக்கம் பிளைவுட் தடுப்பு, நாலு கம்ப்யூட்டர், 'செருப்பை வெளியே விடவும்' போர்டு. பிரவுசிங் சென்டர்! கோயிலுக்கு அடுத்தபடியாக நாம் செருப்பைக் கழற்றி வைத்த இடம். உள்ளே ஏ.சி. ஓடும். அது நமக்காக அல்ல, கம்ப்யூட்டருக்காக. கல்லாவில் இருபது வயசுப் பையன் ஒருத்தன். நோட்டில் 'இன் டைம், அவுட் டைம்' எழுதுவான். எங்கள் பக்கத்தில் மணிக்கு 60 ரூபாயில் ஆரம்பித்துப் படிப்படியாக இறங்கி, கடைசியில் 10 ரூபாய்க்கு வந்தது.

அந்தப் பையன் பார்த்த உத்தியோகத்துக்கு இன்றுவரை சரியான பெயர் கிடையாது. பாதி போஸ்ட்மேன், பாதி வக்கீல் குமாஸ்தா, பாதி ஜோசியர். (மொத்தம் ஒன்றரை ஆள் வருகிறதே என்றால், வேலையும் அப்படித்தான் இருந்தது.) ஹாட்மெயிலில் கணக்குத் திறந்து கொடுப்பான். ஓசியில் இ-மெயில் என்று சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4-ல் ஆரம்பித்த சேவை அது. அடுத்த வருஷக் கடைசியிலேயே மைக்ரோசாஃப்ட் அதைப் பெருந்தொகை கொடுத்து வாங்கியது. சொந்தமாகக் கம்ப்யூட்டர் இல்லாதவனுக்கும் உலகத்தில் ஒரு விலாசம் உண்டு என்று அது சொன்னதுதான் விசேஷம். எந்த ஊர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தாலும் உங்கள் கடிதம் உங்களுக்கு.

எங்கள் தெரு சென்டருக்கு ஓர் அம்மா வாராவாரம் வருவார். மகன் அமெரிக்காவில். பையன் படித்துச் சொல்வான், அம்மா பதில் சொல்லச் சொல்ல டைப் அடிப்பான். தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்க முடியும் என்பதால் பல்லியும் பள்ளியும் ஒன்றாகிவிடும். 'தங்கச்சி மகளைப் பள்ளியில் சேர்த்தாச்சு' என்பதை அந்த மகன் எப்படிப் படித்தாரோ!

"நெய் வந்துச்சான்னு கேளு தம்பி."

"கேட்டாச்சும்மா."

"உடம்பு இளைச்சிட்டானான்னு கேளு."

"கேட்டாச்சும்மா."

"எப்ப வர்றான்னு..."

"அதைப் போன வாரமே கேட்டோம்மா. பதில் இல்லை."

"பரவால்ல. மறுபடி கேளு."

பையன் மறுபடி டைப் அடித்தான். அவுட் டைமில் அஞ்சு நிமிஷம் குறைத்து எழுதினான். அந்த அம்மா கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. ஆனால், சத்தியமாகச் சொல்கிறேன், அவர் இன்டர்நெட்டில் இருந்தார்.

*

எழுத்துச் சங்கடம் அந்த அம்மாவுக்கு மட்டுமில்லை. ஒவ்வொரு தமிழ்ப் பக்கமும் தனக்கென்று ஒரு ஃபான்ட் கேட்கும். அது இல்லாவிட்டால் திருக்குறள்கூட பூச்சி மருந்து ஃபார்முலா மாதிரி தெரியும். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் என்று கடல் கடந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் முட்டி மோதி வழி போட்டார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில்தான் விசைப்பலகைக்கு ஓர் ஒழுங்கு வந்தது. 'தமிழ்99' என்ற பெயரில் அது இன்றும் நம் போனிலும் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது.

கதவு அகலத் திறந்தது 1998 நவம்பரில். தனியாரும் இன்டர்நெட் விற்கலாம் என்று அரசாங்கம் சொன்னது. சென்னையில் சத்யம் இன்ஃபோவே உடனே களத்தில் இறங்கியது. 1999 அக்டோபரில் அமெரிக்க நாஸ்டாக்கில் ஷேர் விற்றது. அடுத்த மாசம் 'இந்தியாவேர்ல்டை' 499 கோடிக்குப் பேசி முடித்தது. (இன்னொரு கோடி போட்டு ரவுண்டாக்கக் கூடாதா என்று பேப்பரைப் படித்துவிட்டு நாம் டீக்கடையில் கவலைப்பட்டோம்.)

கோடிகளின் கதை இருக்கட்டும். எனக்குப் பிடித்தது அதே 1998-ல் பாண்டிச்சேரிப் பக்கம் ஆரம்பித்த ஒரு சின்ன ஏற்பாடு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரில் ஒரு மையம் வைத்தது. அங்கே நெட்டிலிருந்து விவரங்களை எடுத்து, தமிழாக்கி, சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு வயர்லெஸ் மூலம் அனுப்பினார்கள். வீராம்பட்டினம் மீனவக் கிராமத்துக்கு எது வேண்டும்? நாளைக்கு அலை எவ்வளவு உயரம் என்பது வேண்டும். அது எங்கே கிடைத்தது தெரியுமா? அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்தில்! அவர்கள் தங்கள் போர்க்கப்பலுக்காகப் போட்ட கணக்கு, தமிழாகி, கிராமத்து ஒலிபெருக்கியில் ஒலித்தது. கட்டுமரக்காரர் காதால் கேட்டுவிட்டு, கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்தார்.

அவரிடம் கம்ப்யூட்டர் இல்லை, மோடம் இல்லை, ஹாட்மெயில் இல்லை. ஒலிபெருக்கிக்குப் பின்னால் படித்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தார்.

அதே திட்டத்தில் இருந்த இன்னொரு கிராமம் நல்லவாடு. 2004 டிசம்பர் 26 காலை. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர், சுனாமி செய்தி தெரிந்து வீட்டுக்குப் போன் செய்தார். இன்டர்நெட் எச்சரிக்கவில்லை, சாதாரண டெலிபோன்தான். ஆனால் ஒரு வீட்டுக்கு வந்த செய்தி ஊருக்கெல்லாம் சில நிமிஷத்தில் போக வேண்டுமே? அறிவு மையத்துக் கதவை உடைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, 'ஓடுங்க' என்றார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின. 3,600-க்கும் மேற்பட்ட மக்கள் பிழைத்தார்கள். அலை உயரம் சொல்ல வைத்த ஒலிபெருக்கி, அலை வந்த அன்று ஊரையே காப்பாற்றியது.

*

இப்போது மோடம் சத்தம் இல்லை. வி.எஸ்.என்.எல். 2002-ல் டாடா கைக்குப் போய், பிறகு பெயரும் மாறிவிட்டது. பிரவுசிங் சென்டர்கள் பல ஜெராக்ஸ் கடையாகிவிட்டன. அந்த 9,600 பிட்டை நினைத்துப் பார்த்தால், இன்று பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வருகிறவர் சட்டைப் பையில் ஒரு சின்ன வி.எஸ்.என்.எல்.லே ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் நம் ஆளுக்கு வேலை போய்விட்டதா?

ஏதாவது ஓர் இ-சேவை மையத்து வாசலில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். பட்டாவுக்கு ஒருத்தர், பென்ஷனுக்கு ஒருத்தர், வருமானச் சான்றிதழுக்கு ஒருத்தர். பலர் கையில் போன் இருக்கிறது. போனில் நெட்டும் இருக்கிறது. இருந்தும் வரிசையில் நிற்கிறார்கள். கம்பி கைவரைக்கும் வந்துவிட்டது. கையிலிருந்து கண்ணுக்கும், கண்ணிலிருந்து புத்திக்கும் உள்ள அந்தக் கடைசி ஒரு ஜாணை எந்தக் கம்பெனியும் இன்னும் போட்டுத் தரவில்லை. அன்று 0.8 டெலிபோன் என்று கணக்கெடுத்தார்கள். கையில் போன் இருந்தும் திணறுகிற இவரை எந்தக் கணக்கில் எழுதுவது?

போன மாசம் பாங்க்கில் ஒரு பெரியவர், பக்கத்தில் நின்ற ஐ.டி. கார்டு மாட்டிய இளைஞரிடம் போனை நீட்டினார். "தம்பி, இதுல என்னமோ வந்திருக்கு, கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்."

இளைஞர் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினார். வாங்கிப் பார்த்தார்.

"ஐயா, இது பாங்க்கு அனுப்பினது இல்ல, ஏமாத்து மெசேஜ். தொடாதீங்க. யார் கேட்டாலும் நம்பர் சொல்லாதீங்க."

"அப்படியா? ரெண்டு நாளா ஒரு பொண்ணு போன் பண்ணி, சொல்லுங்க சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. பாவம், நல்லாத்தான் பேசுது..."

"அது நல்லாத்தான் பேசும், ஐயா."

பெரியவருக்கு எவ்வளவு மிச்சமானதோ, பாஸ்புக்குக்குத்தான் தெரியும். இளைஞருக்குச் செலவு இரண்டு நிமிஷம். மணிக்கு 60 ரூபாய் ரேட்டில் போட்டால், வெறும் இரண்டு ரூபாய்.

ஐ.டி. கார்டு மாட்டிய சகோதரர்களே, அடுத்த போன் உங்கள் பக்கம் நீளும்போது, தயவுசெய்து 'அவுட் டைம்' பார்க்காதீர்கள்.