பசங்கன்னா அப்படித்தானா?

அமெரிக்கா, சிங்கப்பூர் என்று போனவர்கள் மாதிரி பெரிய வெளிநாட்டுக் கதையெல்லாம் நமக்குக் கிடையாது. திண்டுக்கல்லில் ராத்திரி கிளம்பினால் விடியும்போது கழக்கூட்டம். டெக்னோபார்க்கில் வேலை. ஆனால் வாசலைத் தாண்டினால் வேறு மொழி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு மொழி. அந்தக் கணக்கில் நாங்களும் பிழைக்க வந்த ஆட்கள்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பையன் நாலாம் வகுப்பு. ஜூன் மாதம் புதுப் பள்ளிக்கூடம். ஆகஸ்ட் வாக்கில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆனாலே வயிற்று வலி என்றான். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். இதற்கு நடுவே இரண்டு தண்ணி பாட்டில், ஒரு பென்சில் பாக்ஸ், ஒரு குடை எல்லாம் காணாமல் போயிருந்தன. கேரளா மழைக்காலத்தில் குடையைத் தொலைத்துவிட்டு வந்தால் எந்த அப்பனுக்குத்தான் கோபம் வராது? முதுகில் இரண்டு வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து தங்கமணி தலை துவட்டிவிடும்போது அவளிடம் சொல்லியிருக்கிறான். ஸ்கூல் பஸ்ஸில் கடைசி சீட்டில் நாலு பேர், ஏழாம் வகுப்புப் பையன்கள். இவன் ஏறினாலே "பாண்டி வந்நு, பாண்டி வந்நு" என்று ராகம் போடுவார்களாம். பையைப் பிடுங்கி ஒருத்தர் மாற்றி ஒருத்தர் வீசுவார்களாம். குடையை ஜன்னல் வழியாக பைபாஸில் எறிந்ததும் அவர்கள்தான். இவன் என்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லுவான்? குடை போனதற்கு அடித்தவன் நான்தானே.

இனிமேல்தான் கூத்து. இதைச் சொன்னதும் நம் மக்களிடமிருந்து மூன்று விதமான அறிவுரை வந்தது. ஆபீஸ் நண்பர்: "திருப்பி ஒண்ணு குடுக்கச் சொல்லுங்க பாஸ், அடங்கிடுவாங்க." பக்கத்து ஃபிளாட் மதுரை அண்ணன்: "பசங்கன்னா அப்படித்தான் தம்பி. கண்டுக்காம விட்டா அவங்களே விட்டுடுவாங்க." ஊரிலிருந்து போனில் அப்பா: "நாங்கெல்லாம் வாங்காத அடியா? கெட்டா போயிட்டோம்?"

மூன்றுமே தப்பு. மூன்றும் பிள்ளையைத் தனியாக விட்டுவிடுகிற பேச்சு.

முதலில் "பசங்கன்னா அப்படித்தான்". இரண்டு பிள்ளைகள் விளையாடும்போது சண்டை வந்து உருண்டு புரண்டு, சாயந்திரமே ஒன்றாக ஐஸ் வாங்கித் தின்றால், அது சண்டை. அதில் நாம் தலையிட வேண்டியதே இல்லை. நான் சொல்வது வேறு. நார்வேயில் 1982ன் கடைசியில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். கூடப் படித்தவர்களின் கொடுமையே காரணமாக இருக்கும் என்று செய்தி வந்து நாடே ஆடிப்போனது. டான் ஒல்வேயஸ் என்ற உளவியல் அறிஞர் இதற்கு முன்பே இந்த விஷயத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர். அவர் மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்கத் தெம்பில்லாதவனிடம் செய்வது. நாலு ஏழாம் வகுப்பு, ஒரு நாலாம் வகுப்பு, வாரத்துக்கு ஐந்து நாள். கணக்கு சரியாக வருகிறதா?

1983ல் நார்வே அரசு நாடு முழுக்கப் பள்ளிகளில் இதற்கென்று ஒரு இயக்கமே நடத்தியது. ஒல்வேயஸ் கவனித்த பெர்கன் நகரப் பள்ளிகளில் இரண்டு வருடத்தில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்ததாக அவர் எழுதினார். பசங்கன்னா அப்படித்தான் என்பது உண்மையானால் எப்படிக் குறைந்தது? பெரியவர்கள் மாறினார்கள், பசங்களும் மாறினார்கள்.

இரண்டாவது, "திருப்பி அடி". நாலு பேரை எதிர்த்து ஒன்பது வயசுப் பையன் திருப்பி அடித்து ஜெயிப்பது நம்ம சினிமாவில் நடக்கும். பஸ்ஸில் நடக்காது. தோற்றுவிட்டு வந்தால், அடி வாங்கியதோடு "அப்பா சொன்னதையும் செய்ய முடியலை" என்ற அவமானமும் சேரும். அதற்கப்புறம் எதையுமே சொல்ல மாட்டான்.

மூன்றாவது, அப்பா சொன்னது. இதற்குப் பதில் இங்கிலாந்தில் இருக்கிறது. 1958ல் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை வாழ்நாள் முழுக்கப் பின்தொடரும் ஆய்வு அது. அதில் 7,771 பேரின் பெற்றோரிடம், பிள்ளைக்கு 7 வயதிலும் 11 வயதிலும், மற்ற பிள்ளைகள் தொல்லை கொடுக்கிறார்களா என்று கேட்டு எழுதிவைத்திருந்தார்கள். அவர்களுடைய 50 வயது நிலவரத்தோடு அதை ஒப்பிட்டு லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் 2014ல் வெளியிட்டார்கள். அடிக்கடி சீண்டப்பட்ட பிள்ளைகளுக்கு 50 வயதிலும் மனச்சோர்வும் பதற்றமும் அதிகம். உடல்நிலையும் மோசம். நாற்பது வருடம் கழித்தும் தழும்பு போகவில்லை. "கெட்டா போயிட்டோம்?" என்று கேட்பவர்கள் தேறி வந்தவர்கள். தேறாதவர்கள் போன் போட்டு அறிவுரை சொல்வதில்லை.

நமக்கு இதற்கு ஒரு சரியான சொல் கூடக் கிடையாது. கேலி, கிண்டல், வம்பு என்று ஏதோ திருவிழா சமாச்சாரம் மாதிரி சொல்கிறோம். ஈழத் தமிழர்கள் ராகிங்குக்கு 'பகிடிவதை' என்று சொல்கிறார்கள். பகிடியும் வதையும் ஒரே சொல்லில். செய்கிறவனுக்கு அது பகிடி, படுகிறவனுக்கு வதை. நாமும் அதை எடுத்துக்கொண்டால் குறைந்துபோக மாட்டோம்.

'பாண்டி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். மலைக்கு அந்தப் பக்கம் பாண்டிய நாடு, அதனால் நாம் பாண்டி. அதில் ஒரு அசிங்கமும் இல்லை. திருச்சூர் பூரத்தில் இலஞ்சித்தறை மேளம் என்று ஆயிரக்கணக்கான பேர் கை தூக்கி ரசிப்பது பாண்டி மேளம்தான். அதே சொல், தினமும் காலையில் நாலு பேர் சேர்ந்து ஒருத்தன் முகத்துக்கு நேரே சொன்னால் கல்லெறி.

உடனே "பார்த்தியா, மலையாளிங்களே இப்படித்தான்" என்று கிளம்பாதீர்கள். இரண்டு ஊர்க் கதை சொல்கிறேன்.

ஒன்று இங்கே, கூப்பிடு தூரத்தில். 2025 பிப்ரவரியில் காரியவட்டம் அரசுக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் ஒருவர், சீனியர்கள் தன்னை அறையில் வைத்து அடித்ததாகவும், தண்ணீர் கேட்டதற்குத் துப்பிக் கொடுத்ததாகவும் புகார் கொடுத்தார். ராகிங் நடந்தது உண்மை என்று கல்லூரிக் குழு சொன்னது, ஏழு பேர் சஸ்பெண்ட் ஆனார்கள். அந்த மாணவரும் மலையாளி, சீனியர்களும் மலையாளிகள்தான். கேரளாவில் ராகிங் தடைச் சட்டம் 1998லேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் அதற்கும் ஒரு வருடம் முன்னால், 1997ல். சிதம்பரத்தில் 1996ல் ஒரு மருத்துவ மாணவரை சீனியர் கொன்ற பிறகு வந்த சட்டம் அது. சட்டம் இருக்கிறது. ஆனால் கல்லூரியில் துப்பிக் கொடுக்கிறவன் திடீரென்று பதினெட்டு வயதில் முளைக்கவில்லை. ஏதோ ஒரு ஸ்கூல் பஸ்ஸில் பையை வீசி விளையாடும்போது யாரும் கேட்காமல் விட்டதால் வளர்ந்தவன்.

இன்னொன்று நம்ம மண்ணில். நாங்குநேரி, 2023 ஆகஸ்ட். பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவன். நன்றாகப் படிக்கிறவன். கூடப் படிக்கும் ஆதிக்க சாதிப் பையன்கள் அவனைச் சீண்டி, வேலை ஏவிக்கொண்டிருந்தார்கள். அவன் வெளியே சொல்லவில்லை, பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டான். பள்ளியிலிருந்து விசாரித்த பிறகே விஷயம் வெளியே வந்தது. புகார் ஆனது. அன்று ராத்திரி அரிவாளோடு வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அந்தப் பையன் 2024 பொதுத்தேர்வில், சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுத, 600க்கு 469 வாங்கினான். அந்த மார்க்கைப் பார்த்து நாமெல்லாம் கைதட்டினோம். அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி அடையாளக் கயிறு, மோதிரம், பள்ளிப் பெயரில் சாதி, எதுவும் வேண்டாம் என்றது.

"பார்த்தீங்களா, புகார் சொன்னதால்தானே வெட்டு விழுந்தது" என்று ஒருத்தர் என்னிடமே கேட்டார். இல்லை சார். அவன் எத்தனையோ நாள் தனியாக வாங்கிக்கொண்டிருந்தான். கடைசியில் வாய் திறந்தபோதும் அவனைச் சுற்றிப் பாதுகாப்பாக நிற்க ஆள் இல்லை. புகாரை வாங்கிக்கொள்வது ஒரு வேலை, புகார் சொன்ன பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை. இரண்டாவது நடக்காவிட்டால் முதலாவது ஆபத்து.

இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிற ஒன்று. எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் வங்காளத்துக்காரர். அவருக்கும் ஒரு பையன். பஸ் விஷயம் வெளியே வந்த அதே மாதம், பார்க்கிங்கில் என் பையனும் அவன் கூட்டாளிகளும் அந்தச் சிறுவனை "ஏய் பெங்காலி, பால் எடுத்துப் போடு" என்று விரட்டிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டில் சேர்க்கவில்லை, பந்து பொறுக்க மட்டும். நான் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பும் பார்த்திருக்கிறேன், சிரித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் உறைத்தது. பஸ்ஸில் 'பாண்டி', பார்க்கிங்கில் 'பெங்காலி'. இவன் எங்கே கற்றுக்கொண்டான்? வடக்கே இருந்து வந்தவனைப் பானிபூரி என்றும், கறுப்பாக இருப்பவனைக் கருவாயா என்றும், குண்டாக இருக்கும் பெண்ணை என்னென்னவோ சொல்லியும் வீட்டு சோபாவில் உட்கார்ந்து சிரிக்கிறோமே, அங்கேதான்.

நாங்கள் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. என்ன நடந்தது, எந்தத் தேதி, எந்த இடம் என்று பையன் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதினோம். பள்ளிக்குப் போனால், "கூப்பிட்டுக் கை குலுக்க வைத்துவிடுகிறோம்" என்றார்கள். அது சண்டைக்கான வைத்தியம், வதைக்கானது அல்ல. மறுபடி எழுத்தில் கொடுத்தோம், என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுத்தில் கேட்டோம். அந்த நாலு பேரையும் முன் சீட்டுக்கு, ஆயாவின் கண் முன்னால் மாற்றினார்கள். அவர்களைப் பள்ளியை விட்டு அனுப்பச் சொல்லி நான் கேட்கவில்லை. பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள், அவர்களுக்கும் யாரோ சொல்லித்தர வேண்டும். எதுவுமே நடக்காவிட்டால் 1098 இருக்கிறது, குழந்தைகளுக்கான இலவச உதவி எண், ராத்திரி பகல் எப்போதும்.

நிஜமாக நிலைமையை மாற்றியவன் பத்தனம்திட்டைக்காரன் ஒருத்தன், இவன் வகுப்புதான். ஒருநாள் தானாக வந்து இவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவுதான். அதற்கப்புறம் ராகம் குறைந்துவிட்டதாம். பின்லாந்துப் பள்ளிகளில் 2009லிருந்து பரவிய 'கிவா' திட்டமும் வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளைத்தான் குறிவைக்கிறது. சிரிக்க ஆள் இல்லாவிட்டால் சீண்டுவதில் சுகம் போய்விடும்.

என் பையனிடம் ஒன்று மட்டும் சொன்னேன். அந்தப் பையன் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி, நீ வாட்ச்மேன் அங்கிள் பையனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு பேட்டைக் கையில் கொடு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் கொடுத்தான்.

வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நண்பர்களே, இன்றைக்கு ராத்திரி "மார்க் எவ்வளவு?" என்பதற்கு முன்னால் "மத்தியானம் யார்கூட உட்கார்ந்து சாப்பிட்ட?" என்று கேட்டுப்பாருங்கள். பதில் வர நேரமானால், குடையைப் பற்றிப் பேசாமல் கொஞ்சம் பக்கத்தில் உட்காருங்கள்.

பி.கு: குடைக்காக அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "பரவால்லப்பா, புதுக் குடை ப்ளூ கலர்ல வேணும்" என்றான். வாங்கியாகிவிட்டது.