நூலக வேளையைப் பறிக்காதீர்கள்

பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் நான், இலக்கணத்துக்கு முன்னால் பிள்ளைகளிடம் நீட்டுவது ஆர்.கே. நாராயணின் 'சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்'. 1935இல் வந்த நாவல். ஆனால் அதிலுள்ள கிரிக்கெட் பைத்தியமும் பரீட்சை பயமும் இவர்களுடையவைதான். தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதியைப் புரட்டாதே, கதையோடு ஓடு என்பேன்.

அடுத்து, 2024இல் வெளியான 'தி வைல்ட் ரோபோ' படம். பீட்டர் பிரவுனின் நாவலைத் தழுவியது. தீவில் ஒதுங்கிய ரோபோ, விலங்குகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே அவற்றின் மொழியைப் பிடித்துக்கொள்கிறது. தமிழ் டப்பிங் வேண்டாம். ஆங்கில ஒலியோடு ஆங்கில சப்டைட்டிலும் ஓடட்டும். எழுத்தும் உச்சரிப்பும் சேர்ந்தே பதியும்.

'கதை படித்தால் மார்க் வருமா?' என்கிறார்கள் பெற்றோர். வாசிக்கிற பிள்ளைக்குக் கட்டுரையை மனப்பாடம் செய்யும் வேலை குறையும். தலைமையாசிரியர்களுக்கு ஒரே வேண்டுகோள்: வாரத்தில் ஒரு நூலக வேளையையாவது கணக்குப் பாடத்துக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள்.