வாசலில் நிற்பவர் யார்?



எங்கள் மாதர் சங்கத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தால், யாராவது எழும்பி "வாங்கோ அக்கா, இதில இருங்கோ" என்று பாயை விரித்து இடம் கொடுப்பார்கள். அந்த ஒரு சொல் கிடைக்காததால் இரண்டாம் கூட்டத்துக்கு வராமல் விட்டவர்களையும் நான் அறிவேன். இணையத்தில் இலட்சக்கணக்கானோர் கூடும் இடத்தைக் கட்டுபவர்களுக்கும் இதே கவனம் வேண்டும்.

2004ஆம் ஆண்டு கனடாவின் வன்கூவர் நகரில் கட்டரீனா பேக், ஸ்டூவர்ட் பட்டர்பீல்ட் ஆகியோர் பிளிக்கர் என்ற தளத்தைத் தொடங்கினார்கள். புகைப்படங்களைப் போட்டு, அவற்றைப் பற்றி ஒருவரோடொருவர் கதைக்கும் இடம் அது. ஆரம்ப நாட்களில் கட்டரீனாவும் உடன் பணியாற்றிய ஜோர்ஜ் ஓட்ஸும் (பெயரைப் பார்த்து ஆண் என்று நினைக்க வேண்டாம், அவரும் பெண்தான்) புதிதாகச் சேர்ந்தவர்களைத் தாங்களே வரவேற்றார்கள். படங்களைப் பார்த்து இரண்டு வார்த்தை எழுதினார்கள். அப்படி வரவேற்கப்பட்டவர்கள் பின்னால் வந்தவர்களையும் அதேபோல வரவேற்றார்கள். அந்த இடத்தின் பழக்கவழக்கம் இப்படித்தான் உருவானது.

வரவேற்பு மட்டும் போதாது. தவறு நடக்கும்போது கேட்பதற்கும் ஆள் வேண்டும். இதை எங்கள் நாடே அனுபவித்தது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உணவுக்குள் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மருந்து கலக்கிறார்கள் என்ற பொய் பரவியது. மார்ச்சில் திகனையிலும் கண்டி மாவட்டத்தின் வேறு இடங்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வெறுப்பைத் தூண்டும் பதிவுகள் சிங்களத்தில் பேஸ்புக்கில் ஓடிக்கொண்டிருந்தன. முறைப்பாடுகள் போயின. ஆனால் சிங்களம் வாசித்து விளங்கக்கூடிய பணியாளர்கள் அந்நிறுவனத்தில் போதியளவு இருக்கவில்லை. அரசாங்கம் சில நாட்கள் பேஸ்புக்கையே முடக்கியது. 2020 மே மாதத்தில் அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைக்காரருக்கு அந்த மன்னிப்பால் என்ன பயன்? ஒரு நாட்டுக்குள் கடை விரிக்க முன்பே அந்நாட்டு மொழி தெரிந்தவர்களை வாசலில் நிறுத்தியிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

இது பெரிய நிறுவனங்களின் விடயம் என்று விட்டுவிட முடியாது. இப்போது சங்கத்துக்கு ஒரு வட்ஸ்அப் குழு, தையல் பழகியவர்களுக்கு இன்னொன்று என்று நீங்களே தொடங்குகிறீர்கள். முதலில் சேரும் பத்துப்பேர் எப்படிக் கதைக்கிறார்களோ, பின்னால் வருபவர்களும் அப்படியே கதைப்பார்கள். காணாமற்போன பிள்ளையின் படத்தைத் தாயின் சம்மதமில்லாமல் வெளியே அனுப்பக்கூடாது என்பது போன்றவற்றை முதல் நாளே கதைத்து முடிவெடுங்கள். மீறுபவரிடம் யார் கதைப்பது என்பதையும் தீர்மானியுங்கள்.

போன மாதம் ஒரு பெண்ணைப் பற்றி வந்த செய்தியை உண்மை பொய் பாராமல் நானே எங்கள் குழுவில் போட்டுவிட்டேன். குழுவைப் பார்த்துக்கொள்ளும் தங்கச்சி எல்லார் முன்னிலையிலும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தொலைபேசி எடுத்து, "அக்கா, அந்தப் பிள்ளையின்ர தாயும் இதில இருக்கிறா" என்றாள். உடனே அழித்தேன். பிறகு அந்தத் தாயின் வீட்டுக்கும் போனேன்.