இணையம் வந்தால் போதுமா?



"இணையந்தான் வருகிறதே, பிறகு என்ன குறை ஆசிரியர்?" பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் ஒன்றில் என்னைப் பார்த்துக் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் நல்லவர், பள்ளிக்காக ஓடியாடி உழைப்பவர். ஆயினும், நம் கணினிக்கூடங்களுக்கு இந்தக் கேள்வியைவிடக் கேடு செய்வது வேறொன்றில்லை என அடித்துச் சொல்வேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் 25 கணினிகள். அவற்றுக்கு இணையத்தைப் பகிர்ந்தளிக்க லினக்ஸில் இயங்கும் ஒரு சர்வர். குத்தகையாளர் ஒருவர் அமைத்துக் கொடுத்தார். மாணவர் பெயர், பிறப்புப் பத்திர எண், உதவிநிதிக்காகப் பெற்றோர் எழுதிக்கொடுத்த வருமான விவரம் எல்லாம் அதே சர்வரில்தான் இருந்தன. ஒருநாள் இடிமழையில் மின்சாரம் தடைப்பட்டது. மீண்டதும் சர்வர் தானாக எழுந்தது, இணையமும் வந்தது. அனைவருக்கும் மகிழ்ச்சி. மூன்று மாதம் கழித்து வேறொரு காரணத்திற்காக அதன் பதிவுக் கோப்பைத் திறந்தேன். கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்து உள்ளே நுழைய முயன்ற தடங்கள் பக்கம் பக்கமாக இருந்தன! தீச்சுவரிலோ ஒரு விதிகூட இல்லை.

ஐபிடேபிள்ஸ் எனும் கருவிகொண்டு நாம் இடும் விதிகள் சர்வரின் நினைவகத்தில் மட்டுமே வாழ்பவை. கோப்பில் சேமித்து, சர்வர் எழும்போதெல்லாம் மீண்டும் ஏற்றினாலொழிய மின்சாரத்தோடு அவையும் போய்விடும். குத்தகையாளர் முகவரிப் பெயர்ப்பு விதியை மட்டும் தொடக்க நிரலில் எழுதிவைத்திருந்தார். தடுப்பு விதிகளைக் கையால் தட்டிவிட்டுப் போய்விட்டார். முன்னது இல்லையென்றால் இணையம் வராது, அன்றே அவருக்குத் தொலைபேசி அழைப்பு பறக்கும். பின்னது இல்லையென்றால் யாருக்குத் தெரியும்? "இணையம் வருகிறதே" என்று நாம் இருந்துவிடுகிறோம். அந்தத் துணிச்சலில்தான் அவரும் போகிறார்.

கேட்டபோது அவர் சொன்ன விடை இன்னும் கொடுமை. "முகவரிப் பெயர்ப்பு இருக்கிறதே, அதுவே பாதுகாப்புதான்." இல்லை ஐயா, இல்லை! அது பிறந்ததே முகவரிப் பற்றாக்குறையால். இணையத்தின் பழைய முகவரிமுறையில் ஏறத்தாழ 430 கோடி எண்களே உண்டு. அவை போதாமற்போகும் என்றஞ்சி 1994-இல் முன்வைக்கப்பட்ட ஏற்பாடு இது. உள்ளே 192.168 என்று தொடங்கும் தனி எண்களோடு 25 கணினிகள் இருக்கும். வெளியே எல்லாவற்றுக்கும் ஒரே முகவரி. யார் எதைக் கேட்டார்கள் என்று சர்வர் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, வரும் விடையை உரியவரிடம் சேர்க்கிறது. குறிப்பேட்டில் இல்லாத பொட்டலம் வந்தால் எந்தக் கணினிக்குக் கொடுப்பதென்று அதற்குத் தெரியாது, அவ்வளவே. அதைக் காவல் என்பது, அஞ்சல் பிரிக்கும் எழுத்தரை ஜாகா என்பது போலாகும். அந்தப் பொட்டலம் சர்வரின் முகவரிக்கே வந்ததாயின் பெயர்க்க எதுவுமில்லை. நேரே சர்வரின் கதவைத் தட்டும். நம் பிள்ளைகளின் விவரம் இருந்ததும் அங்கேதானே!

புதிய ஐபிவி6 முகவரிமுறை வந்தபின் இந்தச் சாக்கும் செல்லாது. அதில் ஒவ்வொரு கணினிக்கும் வெளியுலகம் அறிந்த தனி முகவரியே கிடைத்துவிடலாம். பழைய முறைக்கென எழுதிய ஐபிடேபிள்ஸ் விதிகள் அதனைத் தொடுவதே இல்லை. அதற்குத் தனியே ஒரு விதித்தொகுப்பு வேண்டும். 2014-இல் லினக்ஸில் சேர்ந்த என்எஃப்டேபிள்ஸில் இரண்டுக்கும் சேர்த்தே எழுதலாம். எழுத மனம் வேண்டும்!

"சின்னத் தமிழ்ப்பள்ளியை எவன் தாக்கப் போகிறான்?" என்பாரும் உளர். முகவரிகளை வரிசையாகத் தட்டிப்பார்க்கும் நிரலுக்குப் பள்ளியின் பெயர் தெரியுமா, மாணவர் எண்ணிக்கை தெரியுமா? திறந்த கதவு தெரியும்.

"இதெல்லாம் ஆசிரியர் வேலையா?" என்று சக ஆசிரியர்களே கேட்கின்றனர். விதி எழுதுவது நம் வேலையன்று, ஒப்புக்கொள்கிறேன். பயிற்சிக் கழகத்தில் எனக்கும் இதை யாரும் கற்பிக்கவில்லை; இரவில் உட்கார்ந்து நானே படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் வாசித்துப் புரிந்துகொள்ள இதில் என்ன மலையைப் புரட்ட வேண்டியிருக்கிறது? முதலில் உள்ளே வருவது எதுவாயினும் மறு என்பது அடிப்படை விதி. பிறகு, நாம் கேட்டதற்கு வரும் விடையை விடு. சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் 22-ஆம் வாயிலை அலுவலகக் கணினி ஒன்றுக்கு மட்டும் திற. கூடத்துக் கணினிகள் வலைப்பக்கம் காண வழிவிடு. பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வரிகளில் முடிந்துவிடும். வரிசை மட்டும் கவனம்: ஐபிடேபிள்ஸ் மேலிருந்து கீழாகப் படிக்கும், முதலில் பொருந்தும் விதியே தீர்ப்பு. ஓபன்பிஎஸ்டி 2001-இல் கொண்டுவந்த பிஎஃப்-இல் தலைகீழ். 'குவிக்' என்ற சொல் இல்லையேல் கடைசியாகப் பொருந்துவதே செல்லும். ஒன்றின் விதிகளைப் பார்த்து மற்றொன்றுக்கு அப்படியே எழுதிவைத்தவர்களையும் கண்டிருக்கிறேன்.

பள்ளி வாயிற்கதவுக்குச் சாயம் பூசினால் இருமுறை தடவிப் பார்த்துத்தான் காசோலையில் கையெழுத்திடுகிறோம். விருந்து நடத்தி, சீட்டு விற்றுத் திரட்டிய பணத்தில் வாங்கிய சர்வருக்கு மட்டும் ஒரு சோதனையும் இல்லை!

ஆகவே கூட்டத்தில் ஒரு தீர்மானம் வைத்தேன். குத்தகையாளர் நம் கண்முன்னே சர்வரை அணைத்து எழுப்ப வேண்டும். எழுந்தபின் தலைமையாசிரியர் ஒப்புதலோடு வெளி இணைப்பிலிருந்து என்மேப் கொண்டு, இருவகை முகவரிகளிலும், எந்தெந்த வாயில் திறந்திருக்கிறது எனத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு விதியும் எதற்கென்று தமிழிலோ மலாயிலோ குறிப்பெழுதிய படி ஒன்று பள்ளிக் கோப்பில் இருக்க வேண்டும். அதன் பிறகே பணம். மாணவர் விவரங்களை அந்தச் சர்வரிலிருந்து அகற்றவும் கேட்டேன். அது மட்டும் அன்றே நிறைவேறியது. மற்றவை "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" எனக் குறிப்பேட்டில் உள்ளன. அடுத்த கூட்டத்திற்கும் போவேன், அதே தாளோடு.