செல்லும் வாக்கே செல்வாக்கு

மதுரை சிம்மக்கல்லில் முப்பது வருடத்துக்கும் மேலாகப் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் பட்டியும் பிரஷும் வாங்கும் பெயிண்டர்களில் பலர் ஆனையூர் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வருகிறவர்கள். அதில் ஒரு தம்பி 1992-ல் இங்கேயே பிறந்தவர். இலங்கையைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் இந்தியக் குடிமகன் இல்லை. 1987 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்திருந்தால் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். "அண்ணே, துபாய்ல வேலை இருக்குங்கிறாங்க. பாஸ்போர்ட்டுக்கு நான் எங்க போவேன்?" என்று போன வாரம் கேட்டார்.

அதே 1987 ஜூலை 29-ல்தான் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் போட்டார்கள். 1983 தமிழர் விரோதக் கலவரத்துக்குப் பின் டெல்லியின் கை அங்கே ஓங்கியிருந்தது. தமிழ்ப் போராளிகளுக்கு இங்கே பயிற்சி கொடுத்தோம். 1986 மே மாதம் மதுரையில் நடந்த, ஈழ ஆதரவாளர் அமைப்பான டெசோவின் மாநாட்டுக்கு வாஜ்பாயும் என்.டி.ராமராவும் வந்தார்கள். 1987 ஜூனில் நம் விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொட்டலம் போட்டன. எட்டே வாரத்தில் ஒப்பந்தம். இந்திய நலனுக்குக் கேடாக எந்த நாட்டு ராணுவத்துக்கும் துறைமுகத்தைத் தருவதில்லை என்று கொழும்பு எழுதியே கொடுத்தது.

படைபலத்தால் பெற்றது படையோடு போனது. ஒப்பந்தப்படி அங்கே அமைதி காக்கப் போன நம் வீரர்கள் அந்த அக்டோபரிலேயே புலிகளோடு போரில் இறங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் பறிகொடுத்து 1990 மார்ச்சில் திரும்பினோம். சில மாதங்களில் மீண்டும் போர். அப்போது படகேறி வந்தவர்கள்தான் அந்தத் தம்பியின் பெற்றோர். 2009-ல் போர் முடிந்தபின் சீனக் கடன் குவிந்தது. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-ல் 99 வருடக் குத்தகைக்குப் போனது. 2022 ஆகஸ்டில் இந்தியா கவலை தெரிவித்தும் சீனக் கப்பல் யுவான் வாங் 5 அங்கே வந்து நின்றது.

அதே 2022-ல்தான் அரகலய என்ற மக்கள் எழுச்சியில் அதிபர் கோத்தபய நாட்டைவிட்டு ஓடினார். எரிபொருளுக்கும் மருந்துக்கும் அந்த மக்கள் தவித்தபோது இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் உதவி செய்தது. தமிழ்நாடு அரிசியும் பால்பவுடரும் மருந்தும் கப்பலேற்றியது. அது சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோருடைய அடுப்படிக்கும் போனது. துப்பாக்கி வாங்கித் தராத நல்லெண்ணத்தை அரிசி மூட்டை வாங்கித் தந்தது.

பக்கத்து வீடு எரியும்போது அணைக்கப் போகிறவனுக்கு மரியாதை தானாக வரும். அது நிலைப்பது அவன் சொன்ன சொல்லைக் காப்பதில்தான் இருக்கிறது. 1987 ஒப்பந்தத்தின் பயனாக மாகாண சபைகளுக்காக இலங்கை அரசியல் சட்டத்தில் வந்த 13-ஆவது திருத்தம் காகிதத்தில் கிடக்கிறது. பத்து வருடத்துக்கும் மேலாக அங்கே மாகாண சபைத் தேர்தல் இல்லை. அதை நடத்தச் சொல்லி டெல்லி விடாமல் கேட்க வேண்டும்.

கேட்கிற வாய்க்கு வலு வேண்டுமே. 2019 குடியுரிமைத் திருத்தத்தில் ஈழத் தமிழருக்கு இடமில்லை. நம் மண்ணில் பிறந்தவரையே வெளியாள் என்று எழுதி வைத்துக்கொண்டு, அங்கே இருக்கும் தமிழருக்கு உரிமை கொடு என்று எந்த முகத்தோடு கேட்பது? முதலில் ஆனையூரில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை கொடுங்கள். அதற்குப் பிறகு கொழும்பில் நம் வாக்கு செல்லும்.