கறுக்கச் சாயம், வெளுக்க நஞ்சு!

மேனாட்டிலே ஒரு சாயம் விற்கிறார்கள். துணிக்கு அல்ல, தோலுக்கு! வெளுத்த மேனியைப் பழுப்பாக்கிக் காட்டும் சாயம். வெள்ளைக்காரி அதை விலை கொடுத்து வாங்குகிறாள். குளித்து, உடலைத் துவட்டி, கையுறை மாட்டிக்கொண்டு, முழங்கையிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் திட்டுத் திட்டாகத் தங்கிவிடுமோ என்ற அச்சத்தோடு பூசிக்கொள்கிறாள். முதன்முறை பூசுகிறவள் உள்ளங்கையைக் கழுவ மறந்தாளோ, மறுநாள் காலை மருதாணி இட்டவள்போலச் செம்மஞ்சள் கையோடு விழிக்கிறாள். ஒரு வாரம் சென்றால் அத்தனையும் உதிர்ந்து பழைய வெளுப்பே வந்து நிற்கிறது. மீண்டும் வாங்குகிறாள், மீண்டும் பூசுகிறாள். எதற்காக? நமது தென்காசிப் பெண் எந்த நிறத்தைக் கண்ணாடியிலே கண்டு பெருமூச்செறிகிறாளோ, அந்த நிறத்தின் சாயலாவது தன் மேனிக்குக் கிட்டாதா என்பதற்காக!

சிரிப்பு வருகிறதல்லவா? சிரியுங்கள், தோழர்களே! ஆனால் சிரித்து முடிப்பதற்குள் நம்மூர்க் கடைத்தெருவையும் எட்டிப் பாருங்கள். இங்கே விற்பது வேறு சரக்கு. பெயர், சிவப்பழகுக் கிரீம்! அவள் கறுக்கக் காசு கொடுக்கிறாள், இவள் வெளுக்கக் காசு கொடுக்கிறாள். இரண்டு கல்லாப் பெட்டிகளும் நிரம்புகின்றன.

அந்தச் சாயத்தின் கதை சுவையானது. 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்திலே ஈவா விட்கன்ஸ்டைன் என்ற அம்மையார், அரிய நோயொன்றால் வாடிய குழந்தைகளுக்கு டைஹைட்ராக்சி அசிட்டோன் என்ற சர்க்கரைப் பொருளைக் குடிக்கக் கொடுத்து ஆராய்ந்து வந்தார். மருந்து சிந்திய இடத்திலே குழந்தைகளின் தோல் பழுப்பேறிற்று. உடையிலே கறை இல்லை. வியப்புற்ற அம்மையார் தம் தோலிலேயே தடவிப் பார்த்தார், அங்கும் பழுப்பு! மருத்துவர் கண்டது நோய்க்கான ஆராய்ச்சியிலே. முதலாளி கண்டதோ புட்டியிலே! 1960 இல் காப்பர்டோன் நிறுவனம் அதை அடைத்து விற்கத் தொடங்கியது.

அது வேலை செய்யும் விதம் நம் அடுக்களைக்குப் புதிதல்ல. தோசைக்கல்லிலே தோசை முறுகிச் சிவக்கிறதே, அதே இன வேதிவினைதான் தோலின் மேலடுக்கிலும் நடக்கிறது. அந்த மேலடுக்கு உயிரற்ற அடுக்கு; ஆகவேதான் அது உதிர உதிர நிறமும் உதிர்கிறது. வெயிலைத் தடுக்கும் ஆற்றல் அந்தப் பழுப்புக்கு இல்லை. கறுப்பின் தோற்றம் உண்டு, கறுப்பின் காவல் இல்லை! கறுப்பே அழகு, காந்தலே ருசி என்று நம் பாட்டிமார் கூறுவதைப் புட்டியில் அடைத்து விற்கிறான் மேனாட்டான். நம் பாட்டிமாரோ அதைப் பேத்தியின் கண்ணீரைத் துடைக்கும் போதுதான் கூறுகிறார்கள்!

வெள்ளையருக்கு எப்போது வந்தது இந்தக் கறுப்பாசை? குற்றாலத்தைக் கேளுங்கள், கூறும். கும்பினி ஆட்சிக் காலத்திலே நெல்லைச் சீமைத் துரைமார்கள் சாரல் பருவத்திலே இங்கு வந்து தங்கினர், பங்களாக்கள் எழுப்பினர். அந்நாளைய துரைசாணிகள் வெயில் ஒரு துளியும் மேலே படாதபடி குடையும் தொப்பியும் கையுறையுமாகத்தான் நடமாடினர். வெயில் பட்ட முகம், வயலில் உழைக்கும் குடியானவள் முகம். வெளுத்த முகம், வேலை செய்யாதவள் முகம். அதுதான் அன்றைய கணக்கு.

பிறகு ஆலைகள் வந்தன. மேனாட்டு உழைப்பாளி வயலை விட்டு ஆலைக்குள்ளும் சுரங்கத்துள்ளும் புகுந்தான். புகையிலும் இருட்டிலும் வெளிறிப் போனான். பணக்காரனோ ஓய்வெடுக்கக் கடற்கரைக்குப் போனான். வெயிலில் படுத்துப் பழுத்துத் திரும்பினான். 1920களில் கணக்கு தலைகீழாயிற்று. பழுப்பு, ஓய்வின் அடையாளம்; வெளுப்பு, உழைப்பின் அடையாளம். தோல் மாறவில்லை, வெயில் மாறவில்லை. வெயிலில் நிற்பவன் யார் என்பது மட்டுமே மாறிற்று. உடனே அழகும் மாறிவிட்டது! குடை பிடித்த துரைசாணியின் கொள்ளுப்பேத்தி, கையுறை மாட்டிக்கொண்டு பழுப்புச் சாயம் பூசுகிறாள்.

இனி நம் ஊருக்கு வருவோம். தென்காசிக்கு அருகே சுந்தரபாண்டியபுரத்திலே சூரியகாந்தி பூக்கும் காலத்திலே வண்டி வண்டியாய் மக்கள் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள். திரைப்படக்காரரும் வருகின்றனர். சந்தன நிறத்துக் கதாநாயகி பூக்களுக்கு நடுவே ஆடுகிறாள். அந்தப் பூவுக்குக் களை எடுத்த பெண்ணை எந்தக் காமிரா கண்டது? வெயிலைப் பார்த்துத் திரும்பும் பூவைப் புகழ்வார்கள். வெயிலிலே நின்று அதை வளர்த்தவளைப் பார்த்து, கறுத்துப் போனாளே என்பார்கள்!

அப்படியானால் நிழலில் இருந்தால் மதிப்பு வந்துவிடுமா? அதுவும் இல்லை. தென்காசி, கடையம், ஆலங்குளம், பாவூர்ச்சத்திரம் வட்டாரங்களிலே வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, முறத்தை மடியில் வைத்து, விடிந்தது முதல் பொழுது சாயும் வரை பீடி சுற்றும் பெண்கள் ஆயிரமாயிரம். வெயில் அவர்களைத் தீண்டுவதில்லை. புகையிலைத் தூள்தான் தீண்டுகிறது. நாளெல்லாம் நிழலில் இருக்கும் அவர்களை எவன் சீமாட்டி என்று அழைத்தான்? வயல் வெயிலில் நிற்பவளுக்கும் மதிப்பில்லை, திண்ணை நிழலில் இருப்பவளுக்கும் மதிப்பில்லை. ஆகவே விலை போவது நிறம் அல்ல. நிறத்தின் பெயராலே விலை போவது நிலமும் பணமும் சாதியும்!

சாதி என்றோம். வருணம் என்ற வடசொல்லுக்கே நிறம் என்று பொருள் என்பதை நாம் மேடைதோறும் முழங்கியதுண்டு. முழங்கியது சரியே. ஆனால் பழி முழுவதையும் வடக்கே ஏற்றுமதி செய்துவிட்டுக் கை கழுவிக்கொள்ள முடியுமா? நம் பழைய இலக்கியத்திலே மாமை என்றொரு சொல் உண்டு. மாந்தளிரின் நிறம், பெண்ணின் பேரழகாகப் போற்றப்பட்ட கருமை கலந்த நிறம். தலைவன் பிரிந்தால் அந்த மாமை கெட்டு மேனி வெளிறும். அந்த வெளிறலுக்குப் பசலை என்று பெயர். பசலை அழகல்ல, நோய்! வள்ளுவர் அந்த நோய்க்கென்றே பசப்புறு பருவரல் என ஓர் அதிகாரம், 119 ஆவது, ஒதுக்கினார். நம் முன்னோர் நோய் என்று கண்ட வெளுப்பை இன்று மருந்துக்கடையிலே காசு கொடுத்து வாங்குகிறோம்! மாமையின் உடன்பிறந்த சொல்லான மாநிறம் என்ன ஆயிற்று? பெண் பார்க்க வந்தவரிடம் பெற்றோர் தலை குனிந்து, பெண் மாநிறந்தான், என்று மன்னிப்புக் கேட்கும் சொல்லாயிற்று. அந்தத் "தான்" இருக்கிறதே, அதற்கு ஈடாகப் பத்துப் பவுன் கூடுதலாகக் கேட்கிறான் மாப்பிள்ளை வீட்டான். மாயோனையே நீலம் பூசித்தான் நாட்காட்டியில் மாட்டுகிறோம். மானிடப் பெண் எம்மாத்திரம்!

1975 இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ஃபேர் அண்ட் லவ்லி என்ற களிம்பைக் கொண்டு வந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலை இல்லை, வரன் இல்லை; பூசினாள், வேலை வந்தது, வரன் வந்தது. இதுதான் ஆண்டுக்கணக்கில் அதன் விளம்பரங்கள் கூறிய கதை. 2020 மே மாதம் அமெரிக்காவிலே ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பர் காவலரின் முழங்காலடியிலே மூச்சுத் திணறி மாண்டார். உலகம் கொதித்தது. அந்தக் கொதிப்பின் ஆவி இங்கும் பட்டது. ஜூலையிலே களிம்பின் பெயர் குளோ அண்ட் லவ்லி ஆயிற்று! பெயரிலிருந்து சிவப்பைக் கழற்றினர். பெண் பார்ப்பவரின் கண்ணிலிருந்து யார் கழற்றுவது?

பெயர் பெற்ற நிறுவனங்களின் சரக்காவது பணத்தோடு போகிறது. பெயரற்ற டப்பிகள் உயிரைக் கேட்கின்றன. தோலிலே மெலனின் என்ற கருநிறப் பொருள் ஊறுவதைத் தடுக்கப் பாதரசம் கலக்கிறார்கள். பாதரசம் தோல் வழியே உள்ளே இறங்கும், சிறுநீரகத்தைத் தாக்கும். செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அந்தக் கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லிலே மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தனர். அவர்களிலே 15 பேருக்கு அபூர்வமான ஒரே அடையாளம்; அந்த 15 பேரிலே 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள்! பூச்சை நிறுத்திய பின் பெரும்பாலோர் தேறினர் என்பது ஆறுதல். காரணம் தெரியாமல் பூசிக்கொண்டேயிருந்தால்?

ஸ்டீராய்டு கலந்த களிம்புகளின் கதை வேறு. சொறிக்கும் படைக்கும் மருத்துவர் சில நாளைக்கு எழுதித் தரும் மருந்தை, முகம் வெளுக்கிறது என்று மாதக்கணக்கில் பூசுகிறார்கள். தோல் மெலிகிறது, இரத்தக் குழாய் தெரிகிறது, முகத்தில் முடி முளைக்கிறது, நிறுத்தினால் எரிகிறது. எரிச்சலுக்கு அஞ்சி மீண்டும் பூசுகிறார்கள். 2018 இல் மைய அரசு இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது என்றது. சீட்டுக் கேட்கும் கடைகள் எத்தனை என்பதைத் தோழர்கள் தத்தம் ஊரிலேயே எண்ணிப் பார்க்கலாம்.

பாதரசத்தைப் பற்றி 2013 இல் உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் அது கலந்த பூச்சுகளை 2020 க்குள் ஒழிக்கச் சொல்லிற்று. இந்தியாவும் 2018 இல் அதை ஏற்றது. 2020 பிப்ரவரியிலே, சிவப்பாக்குவோம் என்று விளம்பரம் செய்வதை 1954 ஆம் ஆண்டு மாயமருந்துச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவர ஒரு வரைவும் வெளியாயிற்று. சிறை என்றது, லட்சக்கணக்கில் அபராதம் என்றது. வரைவு வந்தது, விளம்பரம் நிற்கவில்லை.

விஞ்ஞானம் கூறுவதையும் கேளுங்கள். நிறப்பொருளை ஆக்கும் உயிரணுக்கள் வெள்ளையரிடத்தும் கறுப்பரிடத்தும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில்தான் உள்ளன. அவை ஆக்கும் அளவிலேதான் வேறுபாடு. சுடும் வெயில் நாட்டிலே தோலைக் காக்க இயற்கை விரித்த குடை அந்தக் கருமை. அந்தக் குடையைக் கிழிக்கத்தான் காசு கொடுக்கிறோம்.

இவ்வளவும் படித்துவிட்டு, ஆமாம், மக்கள் மடமை தீரவில்லை, என்று தோழர் ஒருவர் தலையசைப்பார். அவரை நோக்கித்தான் நமது கேள்வி. 1946 இல் மதுரையிலே கருஞ்சட்டைப் படை மாநாடு கூட்டினர் நம் முன்னோடிகள். பந்தலுக்குத் தீ வைக்கப்பட்டது, சட்டையைக் கழற்றவில்லை. 1967 இல் அண்ணா ஆட்சியிலே சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் இயற்றப்பட்டது. புரோகிதர் வேண்டாம், தாலி கூட வேண்டாம் என்று துணிந்து கூறும் தோழர் வீட்டு மணமகள் தேவை விளம்பரத்திலே, சாதி தடையில்லை என்று முதல் வரி. சிவந்த நிறம் விரும்பத்தக்கது என்று அடுத்த வரி! கறுப்பைச் சட்டையிலே ஏற்றவர், மருமகளிடத்திலே ஏற்க மறுப்பதா? புரோகிதரை வாசலில் நிறுத்திய கை, வருணத்தைக் கொல்லைப்புறமாக அழைத்து வருவதா?

ஜூனிலே சாரல் தொடங்கும். பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் கூட்டம் திரளும். அருவியின் அடியிலே ஒரு நாழிகை நின்றால் மாவும் மையும் கரைந்து அவரவர் நிறத்தோடு அவரவர் வெளியே வருவர், அதைக் கண்டு எவரும் அஞ்சி ஓடுவதில்லை. அந்தக் கூட்டத்தின் நடுவே தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர்த் தோழர்களுக்கு வேலை இருக்கிறது. தயாரித்தவர் முகவரியும் உரிம எண்ணும் இல்லாத டப்பியைக் கண்டால் வாங்கி, மருந்து ஆய்வாளரிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். ஏற்புச் சீட்டைப் படிப்பகத்தின் சுவரிலே ஒட்டுங்கள். இயக்க ஏடுகளுக்கு வரும் மணவிளம்பரங்களிலே நிறம் குறித்த வரி இருந்தால், அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி அனுப்பும்படி அந்தத் தோழருக்கே நேரில் கடிதம் எழுதுங்கள்.